நகர அருங்காட்சியகத்தை மக்கள் கூடும் இடமாக மாற்றும்போது முதலில் எதைத் தீர்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நூறு வயதைத் தாண்டிய செங்கல் கட்டடத்தில் நகர அருங்காட்சியகம் இருக்கிறது, பின்னால் காலி மனை கிடக்கிறது. அங்கே கண்ணாடிக் கூரையுடன் பெரிய கூடம் ஒன்றைக் கட்டிப் பழைய கட்டடத்தோடு இணைத்தால், கூட்டம், கச்சேரி, வகுப்பு, சும்மா வந்து உட்காருவது என்று ஊரே புழங்கும் இடமாகிவிடும் என்று கட்டடக் கலைஞர் வரைந்து காட்டியிருக்கிறார். இது நடக்குமா, எங்கிருந்து தொடங்குவது, எது கெட்டுப்போகும் என்று கேட்கிறீர்கள். பேச்சு கூடத்தைப் பற்றி இருந்தாலும் அடியில் கிடக்கும் கேள்வி வேறு. பழம்பொருளைக் காப்பதற்கென்று இருக்கும் இடத்துக்குள் கூட்டத்தை விடலாமா என்பதே அது. விடலாம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். ஆனால் ஒரே காற்றையும் ஒரே சாவியையும் ஒரே கால அட்டவணையையும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. அந்த எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்த பிறகுதான் கூடத்தின் அழகைப் பற்றிப் பேச வேண்டும். கட்டடத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வையுங்கள். கீழே வரும் எண்கள் திட்டமிடும் கட்டத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க உதவுபவை. உங்கள் இடத்தின் தீயணைப்பு, கட்டட விதிகள் வேறாகச் சொன்னால் அவை சொல்வதே செல்லும்.

முதலில் காற்று. பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். மரம், தந்தம், தோல், தாள் எல்லாமே காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், விட்டுச் சுருங்கும். மாதக்கணக்கில் மெதுவாக நடந்தால் பெரிய பாதகமில்லை. ஒரே மாலையில் ஏறி இறங்கினால் பலகை ஓவியத்தில் வண்ணம் செதில்செதிலாகக் கிளம்பும், ஒட்டுவேலை விட்டுப்போகும். பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் சேர்ந்த பிஸோ குழு, ஈரம் உறிஞ்சும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு வெப்பநிலை 16 முதல் 25 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்ற அளவு) 40 முதல் 60 விழுக்காடு, ஒரு நாளுக்குள் ஏற்ற இறக்கம் 10 புள்ளிக்கு மிகாமல் என்ற வரம்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது. முன்பு வழக்கத்தில் இருந்த ‘50 விழுக்காடு, கூட்டிக் குறைத்து 5’ என்ற கெடுபிடி தளர்ந்ததற்கு மின்செலவும் ஒரு காரணம். இதிலும் விதிவிலக்கு உண்டு. நெடுங்காலமாக 60-ஐ ஒட்டிய ஈரத்தில் பழகிய மரச்சிற்பத்தைத் திடீரென 45-க்கு இழுத்தால் அதுவே பிளக்கக் காரணமாகும். குளோரைடு ஏறிய வெண்கலமோ 60-இல் பச்சைப் பொடி பூத்துவிடும். சிலிக்கா ஜெல் வைத்து இறுக மூடிய தனிப் பெட்டியில் உலர்வாக அதை வைக்க வேண்டும். ஆகவே கட்டடம் முழுவதற்கும் ஒரே எண்ணை எழுதிக் கொடுக்கும் ஏசி பொறியாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது கூட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீரை மூச்சிலும் வியர்வையிலும் காற்றில் விடுகிறார்; கூடவே 100 வாட் அளவுக்கு வெப்பம். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம் என்று கூடத்தை வைத்துக்கொள்வோம். 3,000 கன மீட்டர். அதில் 200 பேர் ஒரு மணி நேரம் இருந்தால் 10 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. கன மீட்டருக்கு 3.3 கிராம். 25 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய ஈரம் கன மீட்டருக்கு 23 கிராம் என்பதால், வெளிக்காற்று வராவிட்டால் அந்த ஒரு மணி நேரத்திலேயே ஈரப்பதம் 14 புள்ளி ஏறிவிடும். மழைநாளில் நனைந்த குடையும் சட்டையும் இந்தக் கணக்கில் சேரவில்லை. கூடத்துக்கும் காட்சியறைகளுக்கும் நடுவே திறந்த வளைவு ஒன்றை வரைந்து ‘தடையற்ற வெளி’ என்று எழுதியிருந்தால், அந்த 14 புள்ளியின் பெரும்பங்கு நேராகக் காட்சியறைக்குள் போகும் என்று அர்த்தம்.

தீர்வு கடினமானதல்ல, ஆனால் முதல் வரைபடத்திலேயே வர வேண்டும். கூடத்துக்குத் தனி ஏர் ஹேண்ட்லிங் யூனிட் (காற்றைப் பக்குவப்படுத்தி அனுப்பும் இயந்திரம்), காட்சியறைகளுக்குத் தனி, காட்சிக்கு வைக்காத பொருள்களைச் சேமிக்கும் இருப்பறைக்குத் தனி. காட்சியறைக் காற்றின் அழுத்தம் கூடத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் கதவு திறக்கும்போது காற்று வெளியே தள்ளும், உள்ளே வராது. நடுவில் இரட்டைக் கதவு கொண்ட சிறு இடைவழி வேண்டும். கண்ணாடியில் செய்தால் பார்வை தடைபடாது. கூடத்தில் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று வைத்தால் 200 பேருக்கு மணிக்கு 7,200 கன மீட்டர், அதாவது மணிக்கு இரண்டரை முறை காற்று மாறும். அதைக் கார்பன் டை ஆக்சைடு சென்சாரோடு இணைத்துவிட்டால் கூடம் காலியாக இருக்கும்போது மின்விசிறி தானே தணியும். கூடத்தில் ஈரப்பதத்தைப் பிடித்துவைக்க முயலவே வேண்டாம். மனிதர்களுக்கு வசதியாக இருந்தால் போதும். அங்கே அசல் பொருளை வைக்காமல் இருப்பதுதான் விலை. நுழைந்ததும் கண்ணில் படும்படி ஏதாவது வேண்டுமென்றால் கல், சுடுமண், குளோரைடு ஏறாத உலோகம், அல்லது தனக்கென்று காற்றுக் கட்டுப்பாடு கொண்ட பெட்டி.

வரைபடத்தில் நான்கு நிறம் தீட்டுவது இந்தத் துறையில் பழகிய முறை: மக்கள் புழங்கும், பொருள் இல்லாத பகுதி; மக்கள் புழங்கும், பொருள் உள்ள பகுதி; மக்கள் வராத, பொருள் உள்ள பகுதி; இரண்டும் இல்லாத அலுவலகம், இயந்திர அறை போன்ற பகுதி. ஒவ்வொரு சதுர மீட்டரும் நான்கில் ஒரு நிறத்தை வாங்கியாக வேண்டும். ஜப்பானில் கனஸாவாவின் 21-ஆம் நூற்றாண்டு தற்காலக் கலை அருங்காட்சியகம், 2004-இல் திறந்தது, இதற்குத் தெளிவான உதாரணம். ஏறத்தாழ 112 மீட்டர் விட்டமுள்ள வட்டம். பல திசைகளிலிருந்து நுழையலாம். கட்டணக் காட்சியறைகளைச் சுற்றி யாரும் இலவசமாக நடமாடக்கூடிய பகுதி ஓடுகிறது. காட்சியறைகள் மாலையில் மூடிய பிறகும் அந்தப் பகுதி இரவு 10 மணிவரை திறந்திருக்கும்படி வகுத்திருக்கிறார்கள். பள்ளி முடிந்து வரும் பிள்ளையும் வேலை முடிந்து வரும் பெரியவரும் டிக்கெட் பற்றி யோசிக்காமல் கடந்து போகிறார்கள். அந்தக் கட்டடத்தில் பிறர் வியப்பது வட்ட வடிவத்தை. நான் வியப்பது இரண்டு பூட்டும் நேரங்களை.

உங்கள் வரைபடத்தையும் இரவு 9 மணிக்கு வைத்துச் சோதியுங்கள். காட்சியறைகள் எல்லாம் பூட்டி அலாரம் போட்டாயிற்று; கூடத்தில் 150 பேர் இருக்கிறார்கள். தெருவிலிருந்து ஒருவர் உள்ளே வந்து, பையை வைத்து, தண்ணீர் குடித்து, கழிப்பறை போய், லிஃப்டில் ஏறி இறங்கி, தீ விபத்து என்றால் வெளியேறவும் முடிகிறதா, அலாரம் போட்ட எந்தக் கதவையும் தாண்டாமல்? பெரும்பாலும் கழிப்பறையிலோ அவசர வழியிலோ இடறும். கூடத்தின் இரண்டாவது அவசர வழி காட்சியறை வழியாகப் போகிறது என்றால் அந்தக் கதவை விதிப்படி பூட்ட முடியாது. பூட்டாவிட்டால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காட்சியறையில் காவலர் நிற்க வேண்டும். அந்தச் சம்பளம் கட்டடம் நிற்கும் காலம் முழுக்க ஓடும்.

அவசர வழியின் அகலமும் முதலிலேயே முடிவாக வேண்டியது. பரவலாகப் புழங்கும் விதியொன்று கதவுக்கு ஆளுக்கு 5 மி.மீ., படிக்கட்டுக்கு ஆளுக்கு 7.6 மி.மீ. என்கிறது. 300 சதுர மீட்டர் கூடத்தில் நின்றுகொண்டு பார்க்கும் நிகழ்ச்சி என்றால் ஆளுக்கு அரை சதுர மீட்டர், 600 பேர். கதவுகளின் மொத்த அகலம் 3 மீட்டர் வேண்டும். மேசை போட்ட விருந்து என்றால் ஆளுக்கு 1.4 சதுர மீட்டர் வைத்து 210 பேர்தான். ஒரு மீட்டர் கதவு இரண்டே வைத்துவிட்டு 600 பேர் நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்யும் கூடங்கள் உண்டு. கடைசியில் தீயணைப்புத் துறை 400 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும், சில வேளை இன்னும் குறைத்து. ஏனென்றால் ஒரு கதவு அடைபட்டாலும் மற்றது சமாளிக்க வேண்டும் என்று கேட்கும் விதிகளும் இருக்கின்றன.

நுழைவாயிலைப் பற்றி ஒன்று. பழைய அருங்காட்சியகங்கள் உயர்ந்த படிக்கட்டும் தூண்களுமாக, வருபவரை அண்ணாந்து பார்க்கவைக்கும் நோக்கத்தோடு கட்டியவை. மக்கள் கூடும் இடத்துக்குத் தெருமட்டத்தில் கதவு வேண்டும். எல்லாரும் அதே கதவில் வர வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பின்பக்கம் ஒரு சாய்தளம் என்பது செல்லாது. சாய்தளம் 1:12-ஐவிடச் செங்குத்தாகாமல், கதவு திறந்தபின் 900 மி.மீ. தெளிவாக, திரும்ப 1.5 மீட்டர் வட்டம். இதெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல், நீட்டவில்லை. கதவை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியது. மக்கள் ஏற்கெனவே நடக்கும் வழி எது என்று ஒரு வாரம், விடுமுறை நாளும் சேர்த்து, காலை மாலை ஆள் நிறுத்தி எண்ணிப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து அருங்காட்சியகம் 1969-இல் கெவின் ரோஷ் வடிவமைத்த கட்டடம். கூரைமேல் அடுக்கடுக்காகத் தோட்டம், ஆனால் பக்கத்திலிருக்கும் மெரிட் ஏரிக்கு எதிரே கான்கிரீட் சுவர். 2021-இல் அந்தச் சுவரில் வழி திறந்து, ஏரிக்கரையில் நடப்பவர் நேரே தோட்டத்துக்குள் வரும்படி செய்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் கதை எதிர்ப்பக்கம். கட்டடத்துக்கு அடியில் ஓடும் வழியில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. புதுப்பித்தலின் முதல் திட்டம் நுழைவாயிலை அந்த வழியிலேயே வைத்துப் பாதையைக் குறுக்கப் பார்த்தது, சைக்கிள் ஓட்டுநர் சங்கம் எதிர்த்தது, வடிவமைப்பு மாறியது. 2003-இல் மூடிய கட்டடம் 2013-இல்தான் முழுதாகத் திறந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், நகரம் ஏற்கெனவே பயன்படுத்தும் வழியில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும்.

இனி கூடம். புகைப்படத்தில் வராத குறை எதிரொலி. கல்தரை, கண்ணாடிக் கூரை, பூசிய சுவர் இவை ஒலியை விழுங்குவதே இல்லை. நாம் எடுத்துக்கொண்ட கூடத்தின் உட்பரப்பு 1,300 சதுர மீட்டர். சராசரி உறிஞ்சு குணகம் (படும் ஒலியில் பரப்பு விழுங்கும் பங்கு) 0.05 என்றால் மொத்த உறிஞ்சல் 65 சதுர மீட்டர். சபீன் சூத்திரப்படி கன அளவை 0.161-ஆல் பெருக்கி உறிஞ்சலால் வகுத்தால் எதிரொலி அடங்க 7.4 நொடி. 200 பேர் வந்து உட்கார்ந்தால் ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் சேர்ந்து 155 ஆகும், அப்போதும் 3.1 நொடி. பேச்சு புரிய ஒரு நொடி, அதிகம் போனால் 1.2 இருக்க வேண்டும். அதற்கு 400 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை. ஆட்கள் தருவது போக 250 சதுர மீட்டர் பரப்புக்கு நல்ல ஒலியுறிஞ்சிப் பலகை, அதாவது கூரையின் பெரும்பகுதி அல்லது நான்கு சுவரிலும் மேல்பாதியில் ஏறக்குறைய முக்கால்வாசி. கட்டி முடித்த பிறகு திரைச்சீலை தொங்கவிட்டு இதைச் சரிசெய்ய முடியாது. மெல்லிய துணி உயர் அதிர்வெண்ணை மட்டும் விழுங்கிவிட்டு இரைச்சலை அப்படியே விட்டுவிடும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் இன்னும் கெடும். எதிரொலிக்கும் கூடத்தில் வயதானவரும் காது மந்தமானவரும்தான் முதலில் வராமல் நின்றுபோவார்கள், யாரிடமும் சொல்லாமல். இண்டக்‌ஷன் லூப் கேபிளை, அதாவது செவிக்கருவிக்கு ஒலியை நேரே அனுப்பும் கம்பியை, தரை போடும்போதே பதித்துவிடுங்கள்.

கண்ணாடிக் கூரையை நான் எதிர்க்கவில்லை, அளவைத்தான் கேட்கிறேன். முழுக் கூரையும் கண்ணாடியானால் ஒலியுறிஞ்சி வைக்க இடமில்லை, வெயில் நேரே இறங்கும், மழைச் சத்தத்தில் பேச்சு மூழ்கும், புகைப்படம் திரையிட இருட்டும் கிடைக்காது. வடக்கிலிருந்து வெளிச்சம் வாங்கும் சாளரங்கள், தென்கோளத்தில் தெற்கிலிருந்து, கூரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பகலில் விளக்கு தேவைப்படாது. பிரிட்டிஷ் மியூசியத்தின் நடுமுற்றத்துக்கு 2000-இல் போட்ட கூரையில் 3,312 கண்ணாடிகள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது சரி. நகர அருங்காட்சியகம் ஒரே அளவுக் கண்ணாடியை வாங்கி, பத்து உபரியை இருப்பில் வைத்துக்கொள்வதே நல்லது. மேலே ஏறித் துடைக்க நிரந்தர வழி, தேங்காத வடிகால், இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். கண்ணாடியிலிருந்து வரும் வெளிச்சம் காட்சியறைக்குள் சிதறுவதும் கவனிக்க வேண்டியது. துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு), தைல ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது வழக்கமான மேல்வரம்பு. வெயில்பட்ட கூடத்தில் ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். அங்கிருந்து 50-க்கு வருபவரின் கண் பழக நேரம் வேண்டும், ஆகவே அந்த இடைவழியை மங்கலாக வையுங்கள்.

சிறியதாகத் தெரிந்து தினமும் வதைப்பவை சில. 300 நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கினால் 30 அடுக்கு. தள்ளுவண்டியைத் திருப்பும் இடத்தோடு 20 சதுர மீட்டர் அறை வேண்டும், கூடத்தை ஒட்டியே. அது இல்லாத கூடங்களில் நாற்காலிகள் தீ வெளியேறும் வழியில் அடுக்கப்பட்டிருக்கும், போய்ப் பாருங்கள். தரை சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்க வேண்டும்; குதிக்கும் கூட்டம் என்றால் அதிர்வையும் தனியாகக் கணக்கிட வேண்டும். பெண்கள் கழிப்பறை ஆண்களுடையதைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். விதிகள் கேட்கும் குறைந்தபட்சம் நாள் முழுக்கச் சிதறி வரும் பார்வையாளருக்கானது. இடைவேளையில் ஒரே சமயம் எழும் 300 பேருக்குப் போதாது. இசை நிகழ்ச்சிக்கான மின் இணைப்பைக் கட்டடத்தின் மற்ற சுற்றுகளிலிருந்து பிரித்து வையுங்கள். மேடைப் புகை இயந்திரம் தீ உணர்கருவியைத் தட்டிவிட்டு, அதனால் மொத்தக் கட்டடமும் காலியாவது அடிக்கடி நடப்பது. கூடத்தின் உணர்கருவிகளைத் தனி மண்டலமாக வைத்து, காவலர் முன்னிலையில் தற்காலிகமாக மாற்றும் முறையைத் தீயணைப்புத் துறையோடு எழுதிக்கொள்ளுங்கள்.

உணவு வந்தால் பூச்சி வரும். சாப்பாடு கூடாது என்று சொல்லப் போவதில்லை; சாப்பாடு இல்லாத இடத்தில் மக்கள் நீண்ட நேரம் தங்கமாட்டார்கள். சமையலறையைக் கட்டடத்தின் வெளி விளிம்பில், அதன் காற்று வெளியே இழுபடும்படி, குப்பைக்குத் தனி வழியோடு வையுங்கள். தண்ணீர்க் குழாயோ வடிகாலோ எந்தக் காட்சியறைக்கும் இருப்பறைக்கும் மேலே போகக் கூடாது. இந்த ஒரு விதியில் சலுகையே வேண்டாம். சுவரோரம் ஒட்டும் பொறிகளை வைத்து வாரம் ஒருமுறை எண்ணிப் பதிவு செய்தால் துணி அந்தும் கம்பள வண்டும் எந்தக் கதவு வழியாக வருகின்றன என்று இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். தொற்றிய துணி, மரப்பொருளைப் பாலித்தீனில் இறுக்கி -30 டிகிரியில் மூன்று நாள், -20 என்றால் இரண்டு வாரம் உறையவைப்பது பழகிய முறை. எல்லாப் பொருளுக்கும் அது ஒத்துவராது, குறிப்பாகச் செதில் எழும்பிய ஓவியத்துக்கு. பாதுகாப்பு வல்லுநர் சொன்ன பிறகே செய்யுங்கள்.

எல்லாரும் கடைசியில் நினைப்பதும், உண்மையில் முதலில் செய்ய வேண்டியதும் இருப்பறை. கட்டுமானம் தொடங்குமுன் பொருள்கள் வெளியேற வேண்டும். வெளியேறுமுன் பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண், படம், அளவு, நிலைக்குறிப்பு, போகும் இடம். இருவர் கொண்ட குழு ஒரு நாளில் சிறு பொருள்களில் 30 முடிக்கும் என்று வைத்தால் 10,000 பொருளுக்கு 333 வேலைநாள், ஒன்றரை ஆண்டு. மூன்று குழு போட்டால் ஆறு மாதம். கட்டுமானக் கால அட்டவணையில் இதற்கு ‘இடமாற்றம், 4 வாரம்’ என்று ஒரு வரி இருந்தால் அதை எழுதியவர் இருப்பறையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். நெருக்கி நகர்த்தும் அலமாரிகள் சதுர மீட்டருக்கு 1,000 கிலோவையும் தாண்டும். பழைய மாடித்தளம் தாங்காது. நிலத்தடி அறையும் வேண்டாம், வெள்ளம் வந்தால் அதுதான் முதலில் நிறையும். தரைத்தளமோ, நகரின் வேறொரு இடத்தில் தனிக் கட்டடமோ பார்க்கலாம். வெளியே வைத்தால் பழைய கட்டடத்தில் இடம் விடுபடும். உங்களுக்கு அந்தப் புதுக் கூடம் பாதி அளவே போதும் என்றுகூட ஆகலாம். விரிவாக்கத்தின் மலிவான பகுதி பெரும்பாலும் ஏற்கெனவே சுவருக்குள்ளேயே இருக்கிறது.

பழைய சுவரில் கை வைக்கும்போது சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல்லுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே திரும்பி, செங்கல்லை உதிர்க்கும். காட்சியறைச் சுவரில் உப்பு பூக்கும். சுண்ணாம்பையே பூசுங்கள். சுவரைத் திறந்தபின் தெரியவரும் கோளாறுகளுக்காகப் பழைய பகுதியின் மதிப்பீட்டில் 15 முதல் 20 விழுக்காட்டைத் தொடாமல் வைக்க வேண்டும். புதுப் பகுதிக்கு 5 முதல் 10 போதும். இடிக்கும் நாள்களில் நகர்த்த முடியாத பொருள்களுக்கு அருகே அதிர்வுமானி வையுங்கள். நொடிக்கு 2 மி.மீ. தாண்டினால் வேலையை நிறுத்தும் உரிமை காப்பாட்சியருக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த 2 என்ற எண் எல்லாருக்கும் பொதுவானதல்ல, உடைந்து ஒட்டிய மட்பாண்டத்துக்கு அதுவும் அதிகமாக இருக்கலாம்.

கட்டி முடிந்ததும் பொருளைத் திரும்பக் கொண்டுவர அவசரப்படுவது அடுத்த ஆபத்து. கான்கிரீட் 25 மி.மீ. தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்ற வேகத்தில்தான் உலரும், 150 மி.மீ. தளத்துக்கு அரை ஆண்டு. அதுவரை அது ஈரத்தையும் காரத்துகளையும் விட்டுக்கொண்டே இருக்கும். புதுப் பலகையும் பெயிண்டும் பசையும் அசெட்டிக், ஃபார்மிக் அமிலங்களை விடும். ஈயம் வெள்ளைப் பொடியாகும், சோழி, சிப்பி உதிரும். இதற்குத்தான் ‘ஓடி’ (Oddy) சோதனை. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1970-களில் உருவான முறை. பொருள் மாதிரியோடு வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளை மூடிய குப்பியில், ஈரத்தோடு, 60 டிகிரியில் 28 நாள் வைத்துப் பார்ப்பது. செலவு குறைவு, நேரம்தான் வேண்டும். காட்சிப்பெட்டி செய்பவரிடம் பலகை வாங்குமுன் மாதிரி கேளுங்கள், வாங்கிய பின் அல்ல. ஏசி ஓடத் தொடங்கியதிலிருந்து குறைந்தது ஆறு மாதம், இயன்றால் நான்கு பருவமும், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பதியும் பதிவுக்கருவி வைத்துப் பார்த்த பிறகே எளிதில் பாதிக்கப்படும் பொருள்கள் திரும்ப வர வேண்டும். திறப்பு விழாத் தேதியை முதலில் அறிவித்துவிட்டால் பலியாவது இந்த ஆறு மாதம்தான். கூடத்தை முதலில் திறந்து, காட்சியறைகளை ஒவ்வொன்றாகத் திறக்கும்படி கட்டங்களைப் பிரித்தால் அரசியலும் நடக்கும், பொருளும் பிழைக்கும்.

இதுவரை சொன்னவை கணக்கும் இயற்பியலும்; நம்பிச் செய்யலாம். இனி வருவதில் உறுதி குறைவு. இலவச அனுமதி தந்தால் மக்கள் வருவார்களா? எண்ணிக்கை கூடும் என்பதில் ஐயமில்லை. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்கள் 2001 டிசம்பரில் கட்டணத்தை நீக்கியபின் வருகை வெகுவாக உயர்ந்தது. ஆனால் வராதவர் வந்தாரா, ஏற்கெனவே வருபவர் அடிக்கடி வந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவதன் பங்கு பெரிது என்பதே என் மதிப்பீடு. கட்டண இழப்பை எங்கிருந்து ஈடுகட்டுவது என்பதற்கு ஒரே விடை கிடையாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் கலைக்கூடம் 2012-இல் மூன்று கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற பகுதிகளின்) வாக்காளர்களிடம் போய், பத்தாண்டுக்குச் சிறு சொத்துவரி கேட்டு வாங்கியது. பதிலுக்கு அந்தக் கவுண்டிவாசிகளுக்கு அனுமதி இலவசம். வாடகை நிகழ்ச்சிகளை நம்புவது இன்னொரு வழி. அதில் ஒரு வழுக்கல் உண்டு. வார இறுதிகள் முழுவதும் பணம் கொடுத்த விருந்துகளுக்குப் போய்விட, ஊர்க்குழுக்களுக்கு வேலைநாள் மதியம்தான் மிஞ்சும். ஆண்டின் சனி, ஞாயிறுகளில் இத்தனை பொதுப் பயன்பாட்டுக்கு என்று நிர்வாகக் குழு தீர்மானமாகவே எழுதிவைப்பது நல்லது. எத்தனை என்பது உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர் சொல்ல வேண்டியது.

கட்டடம் மக்களைச் சேர்க்குமா என்பது இதைவிடச் சந்தேகம். 1997-இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தபின் எல்லா நகரமும் அந்த மந்திரத்தைத் தேடுகிறது. அங்கே ஆற்றங்கரை, மெட்ரோ, விமான நிலையம் என்று நகரமே சேர்ந்து மாறியது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பொருத்தமாகத் தெரிவது நியூயார்க்கின் குவீன்ஸ் மியூசியம். 1939 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கட்டடம். பனிச்சறுக்குத் தளமாக இருந்த பாதியையும் சேர்த்துக்கொண்டு 2013-இல் இரு மடங்கானது. விரிவாக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே சமூக அமைப்பாளர்களைச் சம்பளத்துக்கு எடுத்து, சுற்றியிருக்கும் குடியேறிய மக்களோடு வேலை செய்யவைத்தார்கள். கூடம் திறந்தபோது அதை நிரப்ப யாரைக் கூப்பிடுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. 2022-இல் அருங்காட்சியகங்களின் உலக அமைப்பான ஐகாம் ஏற்ற அருங்காட்சியக வரையறையிலும் சமூகங்களின் பங்கேற்பு என்ற சொல் வந்துவிட்டது. வரையறையில் வருவது எளிது, சம்பளப் பட்டியலில் வருவதுதான் கடினம்.

ஆகவே கட்டடக் கலைஞரிடம் இப்போதைக்கு ‘ஆம்’ சொல்ல வேண்டாம், ‘இல்லை’யும் வேண்டாம். ஓராண்டு அவகாசம் கேளுங்கள். இந்த மாதமே பத்துப் பதிவுக்கருவிகள் வாங்கி ஒவ்வொரு காட்சியறையிலும் இருப்பறையிலும் வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியவிடுங்கள். ஏசி பொறியாளர் ஊகத்தில் வடிவமைப்பதை அது தடுக்கும். பட்டியல் வேலையைத் தொடங்குங்கள். சுவர், அடித்தளம், கூரையைப் பழங்கட்டடம் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்க்கட்டும். இந்தப் பதிலில் அவர் வேலையை நான் செய்ய முடியாது. கூடவே, பழைய கட்டடத்தின் நுழைவுக் கூடத்தை வாரத்தில் ஒரு மாலை 9 மணிவரை, நூறு நாற்காலியோடும் தேநீரோடும் ஆறு மாதம் திறந்துவையுங்கள். யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எப்போது போகிறார்கள், எந்தக் கதவைத் தவறாகத் தள்ளுகிறார்கள் என்று எழுதிவையுங்கள். ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பு, கருவிகளின் பதிவு, பொறியாளரின் அறிக்கை மூன்றையும் கட்டடக் கலைஞரிடம் கொடுத்து, நான்கு நிறம் தீட்டிய தரைப்படம் ஒன்றும், இரவு 9 மணிக்கு எது திறந்திருக்கும் எது பூட்டியிருக்கும் என்று காட்டும் படம் ஒன்றும், காற்றுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் போகும் படம் ஒன்றும் கேளுங்கள். மூன்றும் வரும்வரை கூடத்தின் வண்ணப் படங்களை யாருக்கும் காட்ட வேண்டாம்.